காலியாக விடக் கூடாத கட்டம்

சின்னத்தாய்: ...நூறு தடவ கேட்டாலும் அதான் தாயி. அவுக பேர நான் சொல்ல மாட்டேன்.

தஸ்லிமா: அக்கா, இது ஊர்க்கூட்டம் இல்லக்கா. சிவகாசியில நம்ம கம்பெனி லேபர் ஆபீஸு. போன்லதான பேசுறோம். நீங்க ஒங்க வீட்டுக்காரர் பேரச் சொன்னா, எங்காதுல மட்டுந்தான் விழும்.

சின்னத்தாய்: ஒங்காதுல விழுறதப் பத்தி இல்ல. எவ்வாயில இருந்து வரக் கூடாது.

தஸ்லிமா: வந்தா?

சின்னத்தாய்: அவுக ஆயுசு கொறஞ்சு போகும். பகலெல்லாம் வெடிமருந்துக்குள்ள கெடக்குற மனுசன். இருக்குற ஆயுச நானும் கொறைக்கணுமா?

தஸ்லிமா: ...சரி. நீங்க சின்னத்தாய். ஏழாயிரம்பண்ணை யூனிட்டு. பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற ரூமு. இம்புட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். ஆனா அந்த யூனிட்ல சின்னத்தாய்னு அடிச்சா வரிசையா வந்து நிக்காக. இதுல நீங்க எந்தச் சின்னத்தாய்?

சின்னத்தாய்: ஊருக்குள்ள என்னயச் செவத்த சின்னத்தாய்ம்பாக. அதப் போட்டுக்கோ.

தஸ்லிமா: அதுக்கு இதுல எடமில்லக்கா.

சின்னத்தாய்: அம்புட்டுப் பெரிய பொட்டியில ஒரு செவத்த சின்னத்தாய்க்கு எடமில்லயா?

சம்சு: நல்லாத்தான் கேக்காக.

தஸ்லிமா: நீங்க செத்த சும்மா இருங்க.

சின்னத்தாய்: நானா தாயி?

தஸ்லிமா: ஒங்களச் சொல்லலக்கா. இங்க கம்ப்யூட்டர்காரர் ஒருத்தரு பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்காரு. டோக்கன் நம்பர் ஞாபகம் இருக்கா?

சின்னத்தாய்: டோக்கனு ரூமுல ஆணியில தொங்குது. நம்பரெல்லாம் எனக்கு மனசுல நிக்காது.

தஸ்லிமா: போயிப் பாத்துட்டு வந்து கூப்புடுறீகளா?

சின்னத்தாய்: போனா ரூமு வாசல்ல போர்மேன் நிப்பாரு. எங்க போற, எதுக்குப் பாக்கன்னு கேப்பாரு. சாப்பாட்டு நேரத்துல வெத்தல வாங்கப் போறேன்னு பொய்யச் சொல்லிட்டு, தங்கச்சாமி அண்ணாச்சி கடைக்கு வந்து, காயின் போன்ல பேசிக்கிட்டிருக்கேன். நீ என்னன்னா பேரு, நம்பருன்னு ரயில் டிக்கெட்டுக்குக் கேக்குற மாதிரிக் கேக்க.

தஸ்லிமா: ஏங்க, அந்தக் கட்டத்த விட்டுட்டு அடுத்த பக்கம் போக முடியாதா?

சம்சு: முடியாது. அப்பா பேரு இல்லாட்டி வீட்டுக்காரர் பேரு. காலியா விட்டா செவப்புல காட்டும், நகராது.

தஸ்லிமா: இத எழுதுனது நீங்கதான?

சம்சு: காலியா விடக் கூடாதுன்னு முதலாளி சொன்னாக, எழுதுனேன். பொம்பளைக பேரு சொல்ல மாட்டாகன்னு ஆரும் சொல்லலயே.

தஸ்லிமா: ஒங்க அம்மா ஒங்க அத்தா பேரச் சொல்லி எப்பவாச்சும் கேட்டிருக்கீகளா?

சம்சு: ...இல்ல.

தஸ்லிமா: பெறகு?

சின்னத்தாய்: தாயி, அங்கன என்ன சண்ட? இரு, போன் கத்துது. இன்னொரு ஒத்த ரூவா போடுதேன்... ஆங், போட்டுட்டேன். வேல்விழிதான் எனக்குச் சொன்னா. எங்க ரூமுல எளுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ள. பாக்டரி கேட்டுப் பக்கத்துல ஒட்டிருக்குற நோட்டீச வாசிச்சுக் காட்டுனா. லீவு, பி.எப்., வேல மாத்தம், எதுனாலும் போன் பண்ணுங்க, சிவகாசிக்கு அலைய வேண்டாம்னு போட்டுருக்காம். அதுல புருசன் பேரச் சொல்லணும்னு போடலயே.

தஸ்லிமா: போட்டிருந்தா கூப்புட்டிருக்க மாட்டீகளாக்கும்?

சின்னத்தாய்: மாட்டேன்.

தஸ்லிமா: சரிக்கா. பேரச் சொல்ல வேண்டாம். சாடை காட்டுங்க.

சின்னத்தாய்: போன்ல எப்படித் தாயி சாடை காட்ட?

தஸ்லிமா: வாயாலயே காட்டுங்க. நான் கண்டுபிடிக்கிறேன்.

சின்னத்தாய்: அது வேணா செய்யலாம். முன்பாதி... இருக்கன்குடி ஆத்தா.

தஸ்லிமா: மாரியம்மன். அப்ப மாரி. மாரிமுத்துவா?

சின்னத்தாய்: இரு, அவசரப்படாத. பின்பாதி, வெண்ண திருடுன பய.

தஸ்லிமா: வெண்ண... ஏங்க, வெண்ண திருடுனது ஆருங்க?

சம்சு: நம்ம பிரிட்ஜ்லயா?

தஸ்லிமா: வெளயாடாதீக. இவுக சாமியில.

சம்சு: கிருஷ்ணன்.

தஸ்லிமா: மாரிகிருஷ்ணன்.

சின்னத்தாய்: கிட்ட வந்துட்ட. அது பெரிய பேரு. அந்தப் பிள்ளைய மடியில போட்டுக் கொஞ்சும்போது என்னன்னு கூப்புடுவாக?

தஸ்லிமா: கண்ணா... கண்ணன். மாரிக்கண்ணன்.

சின்னத்தாய்: நீதான் சொன்ன. நான் சொல்லல. ஆத்தாளுக்குத் தெரியும்.

தஸ்லிமா: மா... ரி... அடிச்சாச்சுக்கா. இந்தா, வந்துருச்சு. போர்மேன் மாரிக்கண்ணன் வீட்டு சின்னத்தாய். அட, ஒங்க...

சின்னத்தாய்: எங்க... என்ன தாயி?

தஸ்லிமா: ...ஒன்னுமில்லக்கா.

சம்சு: ஏ தஸ்லிமா, இந்த ஆளுதான திங்கக்கெழம இங்க வந்து...

தஸ்லிமா: ஏங்க. போயி டீ வாங்கிட்டு வாங்க.

சம்சு: இப்பத்தான குடிச்சோம்.

தஸ்லிமா: எனக்கு இன்னொன்னு வேணும். கடைக்கு நடந்து போயி, இஞ்சி தட்டிப் போடச் சொல்லி, கூடவே நின்னு வாங்கிட்டு வாங்க.

சம்சு: புரியுது, புரியுது. போறேன்.

சின்னத்தாய்: ஆரு தாயி? அந்தக் கம்ப்யூட்டர்காரரா?

தஸ்லிமா: ஆமாக்கா. வெளிய போயிட்டாரு. இப்ப நீங்களும் நானுந்தான்.

சின்னத்தாய்: அவரு பேரு என்ன?

தஸ்லிமா: அது... எதுக்குக்கா?

சின்னத்தாய்: நீ எம்புருசன் பேரக் கேக்கலாம், நான் ஒரு வேத்தாளு பேரக் கேக்கக் கூடாதாக்கும்?

தஸ்லிமா: வேத்தாளு இல்லக்கா. எங்க வீட்டுக்காரருதான்.

சின்னத்தாய்: அப்ப நல்லதாப் போச்சு. சொல்லு தாயி. போன்தான. எங்காதுல மட்டுந்தான் விழும்.

தஸ்லிமா: எங்கள்ல அப்படிச் சட்டமெல்லாம் ஒன்னும் இல்ல. ஆனா வாய் வர மாட்டேங்குதுக்கா. கல்யாணம் ஆன அன்னையில இருந்து 'ஏங்க'தான்.

சின்னத்தாய்: 'ஏங்க'ன்னு அடிச்சா ஒங்க பொட்டி ஏத்துக்கிடுமா?

தஸ்லிமா: போதும்க்கா, மானத்த வாங்காதீக. என்ன வேணும்னு சொல்லுங்க.

சின்னத்தாய்: எனக்கு வேல மாத்தம் வேணும். மருந்து ரூமுல இருந்து டப்பா மடிக்கிற ஷெட்டுக்கு. லேபிள் ஒட்டச் சொன்னாலும் சரி. மருந்து இல்லாத எடமா இருக்கணும், அம்புட்டுத்தான்.

தஸ்லிமா: இப்பச் சீசன்ல, லோடு நிக்கிற நேரத்துல?

சின்னத்தாய்: தெரிஞ்சுதான் கேக்கேன்.

தஸ்லிமா: ஒங்க போர்மேனே ஒங்க வீட்டுக்காரருதான. ராத்திரி சோறு போடும்போது ஒரு வார்த்த கேட்டா முடிஞ்சு போச்சு.

சின்னத்தாய்: அங்கனதான் தாயி முட்டுது. அவுககிட்ட மட்டும் கேக்க முடியாது. கேட்டேன்னும் அவுகளுக்குத் தெரியக் கூடாது.

தஸ்லிமா: ஏன்?

சின்னத்தாய்: ரெண்டு காரணம். மொதக் காரணம், அவுக எம்மேல கோவமா இருக்காக.

தஸ்லிமா: என்ன கோவம்?

சின்னத்தாய்: அதத் தெரியாமத்தான முளிக்கேன். வாயத் தொறந்து சொல்ற மனுசன் இல்ல. முன்னெல்லாம் டிவிஎஸ் வண்டியில பின்னாடி ஏத்திக்கிட்டுத்தான் பாக்டரிக்கு வருவாரு. இப்பக் கொஞ்ச நாளா, நீ கம்பெனி வேன்லயே வான்னு சொல்லிட்டாரு. ஏன்னு கேட்டா, வண்டியில சத்தம் வருதாம். அந்த வண்டி வாங்குன அன்னையில இருந்து சத்தந்தான் வருது.

தஸ்லிமா: ம்.

சின்னத்தாய்: சரின்னு வேன்ல ஏறுனா, டிரைவர் ஊர்க்காவலன் அண்ணன் மத்தவுகள எல்லாம் பின்னால போகச் சொல்லிட்டு, என்னய முன்சீட்டுல உக்காருங்காரு. முன்னாடிதான் தூக்கித் தூக்கிப் போடாதாம். கூட வேல பாக்குற செல்லக்கனி கேக்கா, என்ன மதினி, கலெக்டர் ஆயிட்டீகளான்னு. எனக்கு வெக்கம் புடுங்கித் திங்குது.

தஸ்லிமா: ம்... ம்.

சின்னத்தாய்: கொடத்தத் தூக்கக் குனிஞ்சா வெடுக்குனு புடுங்கிக்கிட்டுப் போறாரு. நான் தூக்குனா தண்ணி கெட்டா போகும்? இதெல்லாம் கூடப் போகுது. கருவாடு தாயி.

தஸ்லிமா: கருவாடா?

சின்னத்தாய்: கருவாடு இல்லாம அவருக்கு ஒரு வாய் உள்ள எறங்காது. சாத்தூர் சந்தையில போயி அவரே மோந்து பாத்து வாங்கியாருவாரு. இப்ப, வீட்டுக்குள்ள கருவாடே வரக் கூடாதுங்காரு. எங்கையால சுட்டது கசந்து போச்சு போல. ரசத்த ஊத்திப் பெசஞ்சு பெசஞ்சு திங்காரு. மூஞ்சியப் பாக்கச் சகிக்கல.

தஸ்லிமா: க்கும்... க்கும்.

சின்னத்தாய்: சிரிக்கியா தாயி?

தஸ்லிமா: இல்லக்கா... இருமல். தொண்ட கட்டிருக்கு. ரெண்டாவது காரணம்?

சின்னத்தாய்: இரு, கடைக்காரரு பக்கத்துலயே நிக்காரு... அண்ணாச்சி, ஒரு கலரு சோடா குடுங்க. இது வேண்டாம், உள்ள வீட்டுல இருக்குற ஐஸ் பொட்டியில இருந்து எடுத்தாங்க. நல்லாச் சில்லுனு பாத்து, மெதுவா... போயிட்டாரு. தாயி, இருக்கியா?

தஸ்லிமா: சொல்லுங்க.

சின்னத்தாய்: முளுகாம இருக்கேன்.

தஸ்லிமா: அக்கா... எம்புட்டு நல்ல சேதி.

சின்னத்தாய்: சந்தோசப்படாத, இரு. எனக்கே சந்தோசப்பட பயமா இருக்கு. ஏற்கெனவே ரெண்டு தடவ தங்கல. மொதத் தடவ ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்டாரு. குட்டிக் குட்டியாச் சட்டையெல்லாம் வாங்கியாந்துட்டாரு. ரெண்டாந்தடவ ஒன்னும் வாங்கல, ஒருத்தருக்கும் சொல்லல. எல்லாம் முடிஞ்சு என்னய ஆசுபத்திரியில இருந்து கூட்டியாந்து படுக்க வச்சுட்டு, வண்டியத் தொடைக்கப் போறேன்னு வெளிய போனாரு. ரொம்ப நேரமா ஆளக் காணோம். சன்னல் வளியாப் பாத்தேன். தொடச்ச எடத்தயே தொடச்சுக்கிட்டிருக்காரு. அளுதுக்கிட்டே தொடைக்காரு தாயி. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லல, உள்ள வரும்போது மொகத்தக் களுவிட்டு வந்து சோறு வடிக்காரு.

தஸ்லிமா: ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு...

சின்னத்தாய்: ஆமா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே தங்குச்சுன்னா, வயிறு வெளிய தெரியுற வரைக்கும் இந்த மனுசன்கிட்ட மூச்சு விடக் கூடாது. இன்னொரு தடவ அவர அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு கெடையாது. அன்னைக்குக் கருவாடு சுடும்போது கொமட்டிக்கிட்டு வந்துச்சு, கொல்லப் பக்கம் ஓடுனேன். நல்ல வேள, அவரு கண்ண மூடிப் படுத்துருந்தாரு, பாக்கல.

தஸ்லிமா: ...நல்ல வேளதான்.

சின்னத்தாய்: டாக்டரம்மா வெடிமருந்து வாடையில உக்காரவே கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிருச்சு. நானாப் போயி போர்மேன்கிட்டக் கேட்டா, ஏன்னு ஒரு கேள்வி கேப்பாரு. அவரு மூஞ்சியப் பாத்து எனக்குப் பொய் நிக்காது. அதான், நீங்களா ஆபீஸ்ல இருந்து மாத்துன மாதிரி ஒரு ஆர்டரு வரட்டும்னு பாக்கேன். முன்னாடினா நடக்குமா? ஒரு நாள் வேலையப் போட்டுட்டு சிவகாசிக்கு வந்து, ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நின்னா, போர்மேன் கையெளுத்து இருக்கான்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருவாக. இப்பத்தான் நேரா ஒங்கிட்டப் பேச முடியுது.

தஸ்லிமா: அதுக்குத்தான்க்கா இந்தப் போனே வச்சது.

சின்னத்தாய்: நோட்டீசுல கடேசியா ஒன்னு போட்டுருக்காம். இங்கே சொல்வது வெளியே போகாதுன்னு. கொட்ட எளுத்துலயாம். அது நெசமா, இல்ல சும்மா ஒரு பேச்சுக்கா?

தஸ்லிமா: நெசம்க்கா.

சின்னத்தாய்: எம்மேல சத்தியமா?

தஸ்லிமா: சத்தியமா. இந்த ஆபீஸுக்கு வந்து ஆரு எதச் சொன்னாலும் எவ்வாயால வெளிய போகாது. அது போச்சுன்னா, பெறகு ஒருத்தரும் இந்தப் போனத் தொட மாட்டாக.

சின்னத்தாய்: அது போதும். ஏன் தாயி, சொல்லிட்டு இப்படிப் பெருமூச்சு விடுத?

தஸ்லிமா: ஒன்னுமில்ல. டீ இன்னும் வரல.

சம்சு: இந்தா, வந்துருச்சு. இஞ்சி தட்டிப் போட்டது. என்ன, சொல்லிட்டியா?

தஸ்லிமா: ஸ்ஸ்.

சம்சு: சொல்லலயா? அடப் பாவமே, சொல்லிர வேண்டியதுதான.

தஸ்லிமா: எப்படிங்க? அந்த வரியக் கொட்ட எழுத்துல அடிச்சது நீங்கதான.

சம்சு: எதச் செஞ்சாலும் எங்கிட்டயே வந்து முடியுது. சரி, வர்ற வழியில யோசிச்சேன். அந்தக் கட்டத்த இன்னைக்கே மாத்திருதேன். வீட்டுக்காரர் பேருக்குப் பதிலா மாமியார் ஊரக் கேக்கட்டும். அதச் சொல்லுவாகள்ல?

தஸ்லிமா: ஊரச் சொல்லுவாக. கூடவே மாமியாளப் பத்தியும் அர மணி நேரம் சொல்லுவாக.

சின்னத்தாய்: தாயி, அங்கன குசுகுசுன்னு என்ன? கலரும் வந்துருச்சு, அண்ணாச்சியும் வந்துட்டாரு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மணி அடிக்கப் போறாக. முடியுமா, முடியாதா? ஒன்னச் சொல்லு.

தஸ்லிமா: முடியாதுக்கா.

சின்னத்தாய்: இம்புட்டையும் வாங்கிக்கிட்டு முடியாதுன்னு சொல்லிட்டியே தாயி. வயித்துல இருக்குறதச் சொல்லிட்டேன், ஒளிச்சு வச்ச மனுசனோட அளுகையச் சொல்லிட்டேன். எங்க ஆத்தாகிட்டக் கூடச் சொல்லாதது...

தஸ்லிமா: மாத்த முடியாதுன்னு சொல்லலக்கா. மாத்துறதுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்றேன். ஏற்கெனவே மாத்தியாச்சு.

சின்னத்தாய்: என்னது?

தஸ்லிமா: ஒங்களக் கண்டுபிடிச்சு அடிச்சேன்ல, அப்பவே வந்துருச்சு. சின்னத்தாய், நாளைக்குக் காலையில இருந்து டப்பா மடிக்கிற ஷெட்டு. ஆர்டர் அடிச்சு, கையெழுத்தாகி, மத்தியான வேன்ல ஒங்க யூனிட்டுக்கு வந்துக்கிட்டிருக்கு.

சின்னத்தாய்: நான் இப்பத்தான கேட்டேன்.

தஸ்லிமா: ஒங்களுக்கு முன்னாடி ஒரு ஆளு வந்து கேட்டாச்சு. திங்கக்கெழம காலையில நான் ஆபீஸ் தொறக்க வந்தா, வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு. எம் முன்னாடி உக்காரக் கூட இல்ல.

சின்னத்தாய்: ஆளா? எந்த ஆளு? இது டாக்டரம்மாவையும் ஒன்னையும் விட்டா ஒரு குஞ்சுக்கும் தெரியாது. ஆரு வந்தா?

தஸ்லிமா: சொல்லக் கூடாதுக்கா. அவரும் எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் போயிருக்காரு. ஒங்களுக்குப் பண்ணுன அதே சத்தியம்.

சின்னத்தாய்: ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சா? எங்க வீட்டுக்காரரு காதுக்குப் போச்சுன்னா...

தஸ்லிமா: ஊருக்குத் தெரியாது. அந்த ஒரு ஆளுக்குத்தான்.

சின்னத்தாய்: பேரச் சொல்லு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.

தஸ்லிமா: பேரச் சொல்ல மாட்டேன். எவ்வாயில இருந்து வரக் கூடாது.

சின்னத்தாய்: தாயி...

தஸ்லிமா: வேணும்னா சாடை காட்டுறேன்.

சின்னத்தாய்: போன்ல என்னத்தச் சாடை...

தஸ்லிமா: முன்பாதி... இருக்கன்குடி ஆத்தா.

சின்னத்தாய்: ...

தஸ்லிமா: பின்பாதி, வெண்ண...

சின்னத்தாய்: மாரிக்கண்ணனா?

தஸ்லிமா: நீங்கதான் சொன்னீக. நான் சொல்லல.

சம்சு: சொல்லவும் இல்ல, சொல்லாம விடவும் இல்ல. நல்ல ஆளுதான் தஸ்லிமா நீ.

தஸ்லிமா: அக்கா... அழுறீகளா? அக்கா, இருக்கீகளா? பேரச் சொல்லிட்டீகளேக்கா.

சின்னத்தாய்: இருக்கேன் தாயி. சொன்னாச் சொல்லிட்டுப் போறேன்... கண்ண மூடிப் படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துருக்காரு. வாடை எனக்கு ஆகாதுன்னு, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, கருவாட்ட விட்டுட்டு இத்தன நாளா ரசத்த ஊத்தித் தின்னுக்கிட்டிருக்காரு அந்த மனுசன். ஆயுசு கொறையாது தாயி. எங்க மாரிக்கண்ணனுக்கு ஆயுசு நூறு.